துணிக்கடையிலே தொடங்கியது; துணிக்கடையிலேயே முடிவதா?

ஆலந்து நாட்டிலே டெல்ஃப்ட் என்றோர் ஊர். அங்கே ஒரு துணி வணிகர். லீவன்ஹூக் என்பது பெயர். இழை நெருக்கமா, தளர்த்தியா என்று பார்ப்பதற்குத் துணி வணிகர்கள் கண்ணாடி வில்லை வைத்திருப்பது அந்நாளைய வழக்கம். இவர் அதோடு நின்றாரில்லை. தம் கையாலேயே வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினார். அவற்றின் வழியே ஏரி நீரைப் பார்த்தார், மழை நீரைப் பார்த்தார், தம் பல்லிடுக்கு அழுக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தார். உயிர்கள்! வெறுங்கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள், ஓடுகின்றன, உருள்கின்றன, நீந்துகின்றன! கண்டதையெல்லாம் இலண்டன் அறிஞர் கழகத்துக்குக் கடிதங்களாக எழுதினார். பட்டம் பெற்றவரல்லர், பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர், அறிஞர் மொழியென அன்று போற்றப்பட்ட இலத்தீன் அறியாதவர். ஆயினும் நுண்ணுயிரியல் எனும் துறைக்கு வித்திட்டவர் வரிசையிலே முன்னிற்பவர் அந்தத் துணிக்கடைக்காரர்தான். (கல்லூரியை இடையிலேயே விட்டு வெளியேறிய எனக்கு அவர்மீது தனிப்பாசம் உண்டு. அதை ஒளிப்பானேன்!)

டெல்ஃப்டை விட்டுத் தமிழகத்துக்கு வாருங்கள், தோழர்களே! இங்கும் ஒரு துணிக்கடை.

பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் காலை, வேட்டி வாங்கச் சென்றேன், அந்நகரத்துப் பெரிய கடையொன்றுக்கு. மாடிமேல் மாடி, மாடிதோறும் விளக்கு, விளக்கின்கீழ் வரிசையாக இளம்பெண்கள். கடைப் பணியாளர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021 ஆம் ஆண்டு தமிழகம் சட்டமே செய்தது. இருக்கைகள் இருந்தன அக்கடையிலே, உட்கார்ந்திருந்தோரைத்தான் காணவில்லை. அது வேறு கதை. வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

வேட்டியை விரித்துக் காட்டிய பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

“நேற்று உங்கள் பேச்சைக் கேட்டேன், அண்ணா. பேருந்துக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. படியுங்கள், படியுங்கள் என்று பத்து முறை சொன்னீர்கள்.”

“தவறா அம்மா?”

“நான் படித்தவள் அண்ணா.”

“என்ன படிப்பு?”

“பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல். முதல் வகுப்பு.” அடுத்த நொடியே, மேற்பார்வையாளர் வருவதைக் கண்டு குரலை மாற்றினாள்: “நான்கு முழமா அண்ணா, எட்டு முழமா?”

துணிக்கடையிலிருந்து நுண்ணுயிரைக் கண்டான் ஒருவன், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே. நுண்ணுயிரைக் கற்று முடித்துத் துணிக்கடைக்கு வந்து நிற்கிறாள் ஒருத்தி, இன்றைக்கு. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

துணிக்கடை வேலையை நான் இழிவாகக் கருதுகிறேன் என்று எவரும் திரிக்கவேண்டாம். உழைப்பிலே உயர்வு தாழ்வு இல்லை. நான் கேட்பது வேறு: மூன்றாண்டு கற்ற கல்விக்கு இந்த நாட்டிலே வேலையே இல்லையா, அல்லது வேலை இருந்தும் கதவு பூட்டியிருக்கிறதா?

அவளுடைய தோழியர் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். ஒருத்தி மருந்துக் கடையிலே. ஒருத்தி தனியார் பள்ளியிலே, சொல்லவே கூசும் ஊதியத்துக்கு. இன்னொருத்தி சென்னையிலே “நல்ல வேலையில்” இருக்கிறாளாம். இரவிலே பணி, கணிப்பொறியின் முன்னே. அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட்டு, காப்பீட்டுப் பணம் பெற வழிசெய்யும் தொழில். சிறுநீர்த் தொற்று என்றால் என் 39.0. அதற்குக் காரணம் ஈ.கோலை எனும் நுண்ணுயிர் என்றால் கூடவே பி 96.20. நுரையீரல் காசநோய்க்கு ஏ 15.0. உயிரியல் பட்டதாரிகள் ஆயிரமாயிரமாய்ச் சென்னையிலே செய்துவரும் வேலை இது. நேர்மையான வேலை, வீட்டுக்கு அரிசி வாங்கித் தரும் வேலை. குறை சொல்லேன்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் அமர்ந்திருக்கும் அதே சென்னையிலே, சேத்துப்பட்டிலே, 1956 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது காசநோய் ஆய்வு நிலையம். மருத்துவ விடுதியிலே மாதக்கணக்கிலே படுத்துக் கிடந்தால்தான் காசம் தீரும் என்று உலகம் நம்பியிருந்த காலத்திலே, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகலாம் என்று மெய்ப்பித்து, உலகத்து மருத்துவத்தையே திருப்பிய நிலையம் அது. உலகக் காசநோயாளரிலே ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சளியிலே கிருமியைத் தேட, வளர்த்துப் பார்க்க, எந்த மருந்துக்கு அது மடியும், எதற்கு மடியாது என்று சோதிக்க ஆள் வேண்டும், இங்கே. ஆளும் இருக்கிறாள், இங்கே. ஆனால் அவள் கண் விழிப்பதோ, கடல் கடந்த நாட்டின் காசத்துக்கு எண் போட!

“திறன் போதவில்லை” என்பார்கள், சிலர். குளிரூட்டிய அரங்குகளிலே கூடிப் பேசும்போது அவர்கள் உதிர்க்கும் பொன்மொழி அது. நம் பட்டதாரிகள் வேலைக்குத் தகுதியற்றவர்களாம்! அந்தத் தகுதி ஆராய்ச்சி நடைபெறும் அழகைக் கொஞ்சம் காட்டுகிறேன். நாடகக்காரன் பழக்கம், பொறுத்தருள்க. அந்தத் தங்கை சொன்னவற்றைக் காட்சியாக்கினால் இப்படி இருக்கும்.

முதற் காட்சி. மருத்துவ ஆய்வகம். “கிருமி நீக்கும் கொப்பரையிலே எத்தனை வெப்பம்?” “121 பாகை, 15 நிமிடம் ஐயா.” “நன்று. ஆய்வகப் பயிற்சிப் பட்டயம் உண்டா?” “இல்லை ஐயா, நான் பட்டமே பெற்றவள்.” “பட்டம் இருந்து என்ன? பட்டயம் வேண்டுமே!”

இரண்டாம் காட்சி. மருந்துத் தொழிற்சாலை. “மருந்தாக்கப் பட்டம் உண்டா?” “இல்லை ஐயா, நுண்ணுயிரியல். ஊசிமருந்திலே கிருமி கலந்திருக்கிறதா என்று சோதிப்பது எங்கள் பாடந்தானே?” “சரி, முன் அனுபவம்?” “வேலை தந்தால்தானே ஐயா அனுபவம் வரும்?” “அனுபவத்தோடு வா, வேலை தருகிறோம்.”

மூன்றாம் காட்சி. பள்ளிக்கூடம். “பி.எட். உண்டா?”

நான்காம் காட்சிதான் உங்களுக்குத் தெரியுமே: நான்கு முழமா, எட்டு முழமா?

கல்லூரி நடத்துவோரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். சேர்க்கை நாளிலே அவர்கள் அச்சிடும் வண்ண ஏட்டைப் பாருங்கள். மருந்துத் தொழில், உணவுத் தொழில், பால் பண்ணை, தடய அறிவியல், கடலியல், விண்வெளி ஆய்வு வரை நீண்டு கிடக்கும் பட்டியல்! சென்ற ஆண்டு முடித்தவர்களிலே எத்தனை பேர் அந்தப் பட்டியலிலே எந்த இடத்துக்குப் போனார்கள் என்ற கணக்கை அதே ஏட்டிலே அச்சிடச் சொல்லுங்கள், பார்ப்போம். வகுப்பு முழுதுக்கும் ஒரே கொப்பரை, ஒரே அடைவெப்பப் பெட்டி. ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் எட்டி நின்று பார்ப்பார். அந்தத் தங்கை கற்றது அப்படித்தான். திறன் போதவில்லை என்றால், கட்டணம் செலுத்தியவளா குற்றவாளி, கட்டணம் வாங்கியவரா?

ஆனால் இவையெல்லாம் சிறிய கதவுகள். பெரிய கதவு ஒன்று இருந்தது, தமிழகத்திலே. அது மூடப்பட்ட கதையை எத்தனை பேர் அறிவோம்?

அம்மை குத்தும் பாலைத் தயாரிப்பதற்கென்று 1899 இலே கிண்டியிலே எழுந்தது கிங் நிலையம். 1907 இலே குன்னூரிலே எழுந்தது பாஸ்டர் நிலையம். வெறிநாய் கடித்த பெண்ணொருத்தி உரிய மருந்து கிடைக்காமல் 1902 இலே மாண்டாள். அந்தத் துயரம் எழுப்பிய நிலையம் அது. பின்னர் 1948 இலே, காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்தைச் செய்ய, மீண்டும் கிண்டியிலே ஒரு கூடம். இந்தியக் குழந்தைகள் எத்தனை கோடிப் பேர் தோளிலே தழும்பு இருக்கிறதோ, அந்தத் தழும்புகளிலே கிண்டியின் கைரேகை உண்டு. கிருமியை வளர்க்கவும், வலுவிழக்கச் செய்யவும், குப்பியில் அடைக்கவும் கற்றவர்களுக்கு இவற்றைவிடச் சிறந்த பணியிடம் எது?

வந்தது 2008, சனவரி. குன்னூர், கிண்டி பி.சி.ஜி. கூடம், இமயச் சாரலிலே உள்ள கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசு நிலையங்களிலும் தடுப்பூசி செய்யும் உரிமம் நிறுத்தப்பட்டது. நாட்டின் குழந்தைகளுக்கு அரசு இட்ட ஊசிமருந்திலே பெரும்பங்கைத் தந்துவந்தவை அவை. உற்பத்தி நெறிமுறைப்படி கட்டடமும் கருவிகளும் இல்லை என்றார்கள். இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. குழந்தை உடலிலே ஏற்றும் மருந்து, தரத்திலே குறை கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: வீடு ஒழுகினால் கூரை வேய்வோமா, குடும்பத்தைத் தெருவிலே நிறுத்துவோமா? தனியாரிடம் வாங்கத் தொடங்கினார்கள். 2010 இலே தடை விலக்கப்பட்டது. ஓய்ந்துபோன எந்திரம் உரிமக் கடிதத்தைக் கண்டவுடன் ஓடுமா? பழைய நிலைக்குத் திரும்ப ஆண்டுகள் பல உருண்டன. அந்த ஆண்டுகளிலே பட்டம் பெற்று வெளியேறியவர்களுக்கு எவர் ஈடு செய்வது?

“பழையவை போகட்டும், புதியது ஒன்று தருகிறோம்” என்றது தில்லி. செங்கற்பட்டை அடுத்த திருமணியிலே ஏறத்தாழ 100 ஏக்கரிலே ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012 இலே ஒப்புதல், 594 கோடி ரூபாய்த் திட்டம். கட்டினார்கள். கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2019 இலே மதிப்பீடு 900 கோடியைத் தாண்டியது. கட்டடம் நின்றது, கருவிகள் நின்றன, ஊசிதான் வரவில்லை. வந்தது பெருந்தொற்று. 2021 ஆம் ஆண்டின் கோடையிலே, மூச்சுக்காற்று தேடி மக்கள் மருத்துவமனை வாயில்களிலே துடித்தபோது, தடுப்பூசிக்காகப் புனேயையும் ஐதராபாத்தையும் எதிர்பார்த்துக் கிடந்தோம், கையேந்தி. திருமணியின் அந்த வளாகமோ வெறிச்சோடிக் கிடந்தது! நடத்தத் தனியாரை அழைத்தார்கள், காரியம் ஆகவில்லை. மே மாதத்திலே தமிழக முதலமைச்சர் நேரிலே சென்று பார்த்து, வளாகத்தை மாநிலத்திடம் ஒப்படையுங்கள் என்று தலைமையமைச்சருக்கு எழுதினார். அந்தப் பெருந்தொற்றிலே ஒரு குப்பிகூட வெளிவரவில்லை அங்கிருந்து.

ஐதராபாத்திலே தடுப்பூசி செய்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கிருஷ்ணா எல்லா எங்கே பிறந்தவர் தெரியுமா? நம் திருத்தணிப் பக்கத்திலே. மூளை இங்கே பிறக்கிறது. தொழிற்சாலை அங்கே எழுகிறது. பாம்பு நஞ்சின் கதையும் அஃதே. வடநெம்மேலியிலே இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் உயிரைப் பணயம் வைத்து நஞ்சு எடுத்துத் தருகிறது. அந்த நஞ்சு வெளி மாநிலங்களுக்குப் போய், மருந்தாகி, விலையோடு திரும்புகிறது.

2008 இலே தில்லியில் இருந்தவர் வேறு, 2021 இலே இருந்தவர் வேறு. “அது அவர்கள் காலத்துப் பழி, இது இவர்கள் காலத்துப் பழி” என்று கட்சிக் கணக்குப் பார்த்துத் தப்பிக்க எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்தியதற்கு ஒரு சாராரும், பூட்டி வைத்ததற்கு மறு சாராரும் பதில் சொல்லியாகவேண்டும். நம் நண்பர்களாக இருந்தோரும் அதிலே அடக்கம். கூட்டணிக்காக உண்மையை விழுங்கினால் அது தொண்டையோடு நில்லாது.

மற்றொரு கதவைச் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரிகளிலே நுண்ணுயிரியல் துறையில், மருத்துவப் பட்டம் பெறாமல் அத்துறையிலேயே முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றோர், ஓரளவு இடத்துக்கு, ஆசிரியராகலாம் என்றிருந்தது நெடுங்காலம். 2020 இலே தேசிய மருத்துவ ஆணையம் அந்த இடத்தை அறவே நீக்கியது. ஐந்தாண்டு கழித்து, 2025 இலே, மீண்டும் அனுமதித்தது. ஆசிரியர் பற்றாக்குறை வந்ததும் ஞானம் பிறந்தது போலும்! ஆய்வறிக்கையிலே தகுதி பெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று 2017 இலே உச்சநீதிமன்றம் சொன்னது. அதை நான் குறை கூறேன், நோயாளியின் உயிர் அதிலே தொங்குகிறது. ஆனால் பாடம் சொல்லவும் கூடாதா? நாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் மருத்துவரல்லர், வேதியியலார். 2020 இலே அவர் உயிரோடு எழுந்து வந்து விண்ணப்பித்திருந்தால், “ஐயா, தங்களிடம் எம்.பி.பி.எஸ். இல்லையே” என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், குன்னூரிலே அவர் பெயரால் நிலையம் நடத்தும் இதே நாட்டிலே!

திறந்த கதவே இல்லையா? உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு நுண்ணுயிரியல் பட்டமும் ஒரு தகுதி என்று 2011 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முதுகலை பெற்றோர், அதற்கான தேர்விலே தேறினால், உணவுப் பகுப்பாய்வாளரும் ஆகலாம். படிக்கும் தம்பி தங்கையரிடம் இதைச் சொல்லுங்கள், பலர் அறியார். ஆனால் கதவு திறந்தென்ன, உள்ளே இருப்பது சிறு அறை. வேளாண்மை, கால்நடை, பால்வளம், உயிர்வேதியியல் என்று பல பட்டத்தார் அதே வாயிலிலே நிற்கிறார்கள். பணியிட அறிவிப்போ எப்போதோ ஒருமுறை.

“சொந்தத் தொழில் செய்” என்று சிலர் உபதேசிப்பார்கள். இட்லி மாவு புளிப்பதே நுண்ணுயிரின் வேலை. மாவரைத்துப் பொட்டலம் போட்டு விற்கலாமாம்! காளான் வித்து வளர்க்கலாமாம்! செய்யட்டும், முதல் உள்ளவர்கள். துணிக்கடையிலே மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும் பெண்ணிடம் முதலுக்கு எங்கே போவது என்று உபதேசியார் சொல்லமாட்டார்.

வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். அந்தத் தண்ணீரிலே 100 மில்லி எடுத்தால் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. குழாய் முனையிலே, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கவேண்டும். இந்திய அரசின் தர அளவு அது. கிருமி இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியுமா? நாவால் சொல்ல முடியுமா? நீரை எடுத்து, ஊட்டக் கரைசலிலே இட்டு, உடல் வெப்பத்திலே ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்க்கவேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வுக்கூடங்கள் உண்டு. ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சிறு பெட்டி தந்து பயிற்சியும் தரவேண்டும் என்கிறது மத்தியக் குடிநீர்த் திட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் பெட்டியிலே உள்ள குப்பி கறுத்தால் ஐயம் என்று பொருள். அந்த ஐயத்தைத் தீர்க்க ஒன்றியத்துக்கு ஒரு நுண்ணுயிரியலாரை அமர்த்தினால் கருவூலம் காலியாகிவிடுமா? நகராட்சிக்கு ஒருவர், அரசு மருத்துவமனைக் கழிவுநீருக்கு ஒருவர், பால் குளிரூட்டும் நிலையத்துக்கு ஒருவர் என்று எண்ணத் தொடங்குங்கள். பெருந்தொற்றிலே மட்டும் ஆள் தேடினார்கள், ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், கவச உடைக்குள்ளே வியர்த்து ஒழுகி இரவு பகலாய் மாதிரி சோதித்தவர்களை, அலை ஓய்ந்ததும் “சென்று வருக” என்றார்கள். வெள்ளம் வரும்போது மட்டும் கரைக்கு மண் தேடுவதா?

அனுபவம் இல்லை என்கிறார்களே, அதற்கும் வழி இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961 இலேயே வந்தது. பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் உதவித்தொகையோடு பழகுநராகலாம் என 2014 இலே திருத்தினார்கள். அரசு ஆய்வுக்கூடங்களிலே, பால் ஒன்றியங்களிலே, குடிநீர் வாரியத்திலே ஆண்டுதோறும் நுண்ணுயிரியல் பழகுநரை எடுக்கட்டும். “அனுபவத்தோடு வா” என்று சொல்லும் வாய் அடங்கும்.

தோழர்களே! திருமணி வளாகத்தைப் பற்றி நாடாளுமன்றத்திலே பேச நம் உறுப்பினர் இருக்கிறார்கள், பேசட்டும். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். அன்று கிராமசபை கூடும். எழுந்து கேளுங்கள்: நம் ஊர்த் தண்ணீர் கடைசியாக எந்த நாளில் சோதிக்கப்பட்டது, கிருமிச் சோதனை செய்தவர் யார், அறிக்கை எங்கே? அறிக்கை வந்தால் படித்துப் புரியவேண்டுமே என்று தயங்காதீர்கள். உங்கள் தெருவிலேயே அந்தப் பட்டம் பெற்றவர் ஒருவர் இருப்பார். தேடி அழைத்துச் செல்லுங்கள். ஒன்றிய நுண்ணுயிரியலார் பணியிடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, படியொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் படியொன்றை நமக்கும் அனுப்புங்கள்.

அந்த நகரத்தை அடுத்த சிற்றூர்த் தோழர்களுக்குத் தனியே ஒரு குறிப்பு. காலை முதற் பேருந்திலே துணிக்கடைக்குப் போகும் தங்கை உங்கள் ஊர்தான். மறவாமல் அவளை அழையுங்கள். ஆனால் நாளை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைக்காதாம், செவ்வாய்தான் என்றாள்.